இந்த அறையிலிருந்து அந்த அறைக்கு

கோபக்காரன் வாயிலிருந்து வருகிற வார்த்தையை வாங்கி, அதில் இருக்கிற முள்ளையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு, எதிராளியிடம் பக்குவமாகக் கொண்டுபோய்க் கொடுப்பதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்றால் யாராவது நம்புவார்களா? நம்பித்தான் ஆகவேண்டும். நீதிமன்ற வளாகத்தின் பின்பக்கம், பழைய வழக்குக் கட்டுகள் அடைத்து வைத்திருக்கும் அறைகளுக்கு மேலே, மாடியில் ஒரு சமரச மையம் இருந்தது. அங்கே சர்க்கரையம்மா பல வருஷமாக அந்த வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சர்க்கரை என்பது பெற்றோர் வைத்த பெயரில்லை. கீழே டைப் அடிக்கிறவர்கள் வைத்த பட்டம். "சர்க்கரைகிட்ட போச்சுன்னா கசாப்புக்கடைக்காரனும் ஆடும் கைகுலுக்கிட்டுத்தான்யா வெளியே வரும்" என்று கேலி பேசுவார்கள். அவளுக்கு அது காதில் விழும். கோபம் வராது. உள்ளூரப் பெருமைகூட உண்டு.

மையத்தில் எதிரும் புதிருமாக இரண்டு அறைகள், நடுவில் வராந்தா. சண்டை முற்றிய ஆட்களை ஒரே மேசையில் உட்கார வைத்தால் தண்ணீர் டம்ளர் பறக்கும் என்பதால், ஆளுக்கொரு அறை. சர்க்கரையம்மா இந்த அறையில் கேட்டதை அந்த அறைக்கும், அந்த அறையில் கேட்டதை இந்த அறைக்கும் கொண்டுபோவாள். அதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. மூடிய கதவுக்குள் ஒருவர் சொன்னதை, அவர் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது. சொல்லலாம் என்று சம்மதித்ததையும் அப்படியே சொல்லக் கூடாது, சூட்டை ஆற்றித்தான் சொல்ல வேண்டும். இதைப் புதிதாகப் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு வகுப்பெடுக்கிறவளும் அவளேதான்.

அன்றைக்கு வந்த வழக்கு ஐஸ் கம்பெனி வழக்கு. மாமனார் கட்டிய கம்பெனி. நடத்தியது மருமகன். மாமனார் கண்ணை மூடியதும், வெளியூரில் பல்செட் செய்யும் வேலையில் இருந்த மகன் வந்து என் பங்கு எங்கே என்று கேட்டான். கேட்ட நாளிலிருந்து கோர்ட்டும் வாய்தாவும்தான். நடுவில் ஒரு முறை, ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவரை நடுவராக வைத்து, அவர் சொல்கிற தீர்ப்புக்கு இரண்டு பேரும் கட்டுப்படுகிறோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். இரண்டாவது அமர்விலேயே மருமகன் மேசையைக் கவிழ்த்துவிட்டார். நடுவர், எனக்கு ரத்தக்கொதிப்பு இருக்கிறது, ஆளை விடுங்கள் என்று விலகிக்கொண்டார். கடைசியில் வழக்கை விசாரித்த நீதிபதி, "போங்கய்யா, அந்தம்மாகிட்ட போய்ப் பேசிப் பாருங்க" என்று சர்க்கரையம்மாவிடம் தள்ளிவிட்டார்.

மருமகனை ஊரில் ஐஸ்காரர் என்பார்கள். பேருக்கும் ஆளுக்கும் பொருத்தமே கிடையாது, மூக்குக்கு மேல் கோபம். அவருடைய மனைவி, அதாவது பங்கு கேட்டு வந்தவனின் அக்கா, வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கத்துக் கதவுக்குள் புருஷன், மறுபக்கத்துக் கதவுக்குள் கூடப்பிறந்தவன். அவள் எந்தக் கதவையும் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வக்கீல்கள் இருவரும் முகத்தைக் காட்டிவிட்டு, "அம்மா பாத்துக்குவாங்க, கையெழுத்துக்கு வர்றோம்" என்று கீழே வேறு வழக்குக்கு ஓடிவிட்டார்கள்.

காலை முழுக்க ஐஸ்காரர் போட்ட சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"திருட்டு நாய்ம்மா அவன்! எங்கேயோ சொகுசா உக்காந்து எவனுக்கோ பல்லு கட்டிக்கிட்டு இருந்தவன், அப்பன் செத்த மறுநாள் பங்குக்கு வந்து நிக்கறான். இந்தக் கையைப் பாருங்க! ஐஸ் இழுத்து இழுத்து ரேகையே அழிஞ்சு போச்சு. வெட்டிப் போட்டுட்டு ஜெயிலுக்குப் போயிடுவேன், சொல்லுங்க அவன்கிட்ட!"

சர்க்கரையம்மா வராந்தாவைக் கடந்து போய், "தம்பி, உங்க மாமா தன் உழைப்புக்கு ஒரு மதிப்பு கிடைக்கணும்னு எதிர்பாக்கறார்" என்றாள்.

"மதிப்பா? எங்க அப்பாவையே கடைசி காலத்துல கம்பெனி கேட்டுக்குள்ள விடலை மேடம் அந்த ராட்சசன். வாசல்ல நிக்க வச்சே அனுப்பிட்டான்."

அவள் திரும்பி வந்து, "உங்க மச்சானுக்குத் தன் அப்பா நின்ன இடத்துல தனக்கும் ஒரு இடம் வேணும்னு ஆசை" என்றாள்.

வெட்டிவிடுவேன், கொளுத்திவிடுவேன், குடும்பத்தோடு விஷம் குடிப்பேன் என்று அந்த அறைகளில் வாரத்துக்கு நாலு பேராவது சொல்வார்கள். சொன்ன கையோடு காபி கேட்பார்கள். அதனால் அந்த மாதிரிப் பேச்செல்லாம் சர்க்கரையம்மாவின் ஒரு காதில் நுழைந்து மறு காதில் வெளியேறிவிடும். அவள் காத்திருந்தது வேறொன்றுக்கு. கத்துகிறவன் ஒரு கட்டத்தில் ஓய்வான். குரல் இறங்கும். சூடு தணிந்துவிட்டது, இனிமேல் காகிதத்தை எடுக்கலாம் என்று அதற்குப் பொருள். அவள் அனுபவத்தில் அது தப்பியதே இல்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தக் கட்டம் வந்தது. ஐஸ்காரர் முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஈரக் கைக்குட்டையை மேசைமேல் விரித்து, ஓரம் பார்த்து மடித்தார். திரும்பப் பிரித்து மடித்தார். அவர் பேச ஆரம்பித்தபோது, மேலே சுற்றும் மின்விசிறியின் சத்தத்தில் குரல் அமுங்கிப் போனதால், சர்க்கரையம்மா நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

"அவன் கேக்கற பங்கைக் குடுத்துடறேம்மா. கோல்டு ரூம் பக்கம் அவனுக்கு, ஐஸ் போடற பக்கம் எனக்கு. ஆனா இன்னிக்கே வரட்டும். தனியா வரட்டும். உள்ளே நிக்க வச்சுக் கதவைச் சாத்திடறேன். அதுக்கப்புறம் அவனுக்குப் பங்கும் வேண்டியிருக்காது, ஒண்ணும் வேண்டியிருக்காது."

இதற்குமேல் ஒரு மனிதன் எப்படித்தான் சொல்வான்? ஆனால் சர்க்கரையம்மாவின் வாய், கேட்ட மாத்திரத்தில், தன் பாட்டுக்கு வேலையைத் தொடங்கிவிட்டது. பழக்கதோஷம்.

"அதாவது சார், நீங்க இத்தனை வருஷம் பட்ட குளிரை அவரும் ஒரு தடவை நேர்ல உணரணும்னு நினைக்கறீங்க. அப்படித்தானே?"

ஐஸ்காரர் கைக்குட்டையிலிருந்து தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு மெல்லச் சிரித்தார். அன்றைக்கு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"அடேங்கப்பா. ஆமாம்மா, அதேதான். எனக்கு இப்படிச் சொல்ல வராது பாருங்க. இதை அப்படியே அவன்கிட்ட சொல்லிடுங்க. உங்க வாயாலயே சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டான்."

வராந்தாவைக் கடக்கும்போது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. நீதிபதிகளும் நடுவரும் கைகழுவிய வழக்கு அல்லவா!

பையன் ஜன்னலோரம் நின்றிருந்தான். பையன் என்ன, முப்பதைத் தாண்டியவன்தான். ஆனால் அக்கா வளர்த்த பிள்ளை என்பது முகத்திலேயே தெரியும். பங்கு தருகிறார் என்றதும் நம்ப முடியாமல் பார்த்தான். இன்றைக்கே கம்பெனிக்குப் போய்ப் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும் என்றதும் பின்வாங்கிவிட்டான்.

"மேடம், வேற எது வேணா கேளுங்க. அந்தக் கேட்டுக்குள்ள மட்டும் என்னைப் போகச் சொல்லாதீங்க. அப்பா செத்ததிலேர்ந்து நான் அங்க கால் வைக்கலை. வேணும்னுதான் வைக்கலை. எனக்குப் பயமா இருக்கு. அந்த ஆளைப் பத்தி உங்களுக்குத் தெரியாது."

"தம்பி, உங்க மாமா உங்களை அடிச்சுப் போடவா கூப்பிடறார்? அந்தக் குளிர் அறையில அவர் பட்ட பாட்டை நீங்க ஒரு தடவை உள்ளே நின்னு உணரணுமாம். அவ்வளவுதான் கேக்கறார். ஒரு மனுஷன் இதைவிட இறங்கி வர முடியுமா, சொல்லுங்க."

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். கண் கலங்கிவிட்டது. "நானும்தான் என்னென்னவோ பேசிட்டேன்" என்று முணுமுணுத்தான். மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தான்.

"மாமா நிஜமாவே இப்படித்தான் சொன்னாரா மேடம்?"

இங்கேதான் நிறுத்தியிருக்க வேண்டும். இது என் வார்த்தை, அவர் சொன்னது வேறு என்று ஒரு மூச்சில் சொல்லியிருந்தால் போதும். சமரசம் முறிந்திருக்கும். முறிந்தால் என்ன, குடியா முழுகிவிடும்? இன்னும் பத்து வருஷம் கோர்ட்டுக்கு அலைந்துவிட்டுப் போகட்டுமே!

"ஆமாம் தம்பி" என்றாள் சர்க்கரையம்மா.

அதற்கப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. வக்கீல்கள் படியேறி வந்தார்கள். ஒப்பந்தம் டைப் ஆகி வந்தது. ஐஸ்காரர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மச்சான் கையில் தானே கொடுத்தார். பையன் திடீரென்று குனிந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிடுங்க மாமா" என்றான். அவர் அவன் தோளில் தட்டிக் கொடுத்து, "சரி வா மாப்ளே, இருட்டறதுக்குள்ள பாத்துட்டு வந்துடலாம். கதவை நானே திறந்து விடறேன்" என்றார். வக்கீல்களில் இளையவர் சர்க்கரையம்மாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அவர்கள் போனதும் அவள் தன் குறிப்புக் காகிதங்களைக் கிழித்துக் கூடையில் போட்டாள். மூடிய அறையில் எழுதியதை அங்கேயே கிழித்துவிட வேண்டும் என்பது அந்தத் தொழிலின் விதி.

வெளியே வந்தபோது அக்கா பெஞ்சைவிட்டு எழுந்து நின்றாள்.

"முடிஞ்சுதும்மா. ரெண்டு பேரும் ஒண்ணாப் போறாங்க பாருங்க. இனி நிம்மதியா இருங்க."

"அவர் என்ன சொன்னாரு மேடம்?"

"நல்லபடியாத்தான் சொன்னார். பங்கு குடுக்கறார்."

"அது இல்லை. அவர் சொன்ன வார்த்தை என்ன? எனக்கு அவர் வார்த்தை வேணும்."

"உள்ளே பேசினதை வெளியே சொல்லக் கூடாதும்மா. சட்டம் அப்படி."

"சரி, அதைச் சொல்ல வேண்டாம்." அக்கா நெருங்கி வந்தாள். "கத்தினாரா? அதையாவது சொல்லுங்க. கடைசில பேசும்போது கத்தினாரா?"

"ஐயோ, இல்லவே இல்லை. அவ்வளவு அமைதியா, மெதுவாப் பேசினார். எனக்கே ஆச்சரியமா இருந்தது."

அக்காவின் முகம் செத்துப்போனது. வேறெப்படிச் சொல்வது, அப்படியே செத்துப்போனது. "இப்ப என்னையும் அப்படித்தான் மெதுவா, வீட்டுக்குப் போன்னு சொல்லிட்டுப் போறாரு" என்றாள். மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அடுத்த வழக்கின் ஆட்கள் படியேறி வந்துவிட்டார்கள். சுற்றுச்சுவர்ச் சண்டை, கூட்டம் வேறு. சர்க்கரையம்மா அவள் கையைத் தட்டிக் கொடுத்து, "வீணா மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க. வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சுற்றுச்சுவர் ஆட்கள் இழுத்தடித்தார்கள். ஒருவழியாக வேறு தேதி குறித்து அவர்களை அனுப்பிவிட்டு வெளியே வந்தால், அக்கா அதே பெஞ்சில் இருந்தாள். மடியில் செல்போன். வழக்கு நடக்கும்போது கதவைத் தட்டக் கூடாது என்று கதவில் எழுதி ஒட்டியிருந்தது. அந்தப் பைத்தியக்கார எழுத்துக்குக் கட்டுப்பட்டு, அவள் அத்தனை நேரமும் தட்டாமல் உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

"தம்பிக்கு லைனே போக மாட்டேங்குது மேடம். அடிச்சு அடிச்சுப் பாத்துட்டேன். இவருக்கும் அடிச்சேன், கட் பண்ணிடறார். நீங்க அடிச்சா எடுப்பார்."

சர்க்கரையம்மா ஐஸ்காரரின் எண்ணைப் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்தார்.

"சொல்லுங்கம்மா."

"ஒண்ணுமில்லை சார், தம்பி போன் கிடைக்கலைன்னு உங்க வீட்டம்மா கவலைப்படறாங்க."

"உள்ளே இருக்கான்மா. அங்க டவர் கிடைக்காது." பின்னால் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. "உணர்ந்துக்கிட்டு இருக்கான்."

போன் கட்டாகிவிட்டது.

"என் புருஷன் கத்தினா நான் பயப்பட மாட்டேன்" என்றாள் அக்கா. அவள் குரல் ஏற்ற இறக்கம் இல்லாமல் வந்தது. "கத்தி முடிச்சதும் மறந்துடுவார். அவர் மெதுவாப் பேசி நான் ஒரே ஒரு தடவைதான் பாத்திருக்கேன். டீசல் திருடின டிரைவர்கிட்ட. போனா போகுது தம்பின்னு சொல்லி, டீ வாங்கிக் குடுத்து, வண்டிக்கு அடியில ஏதோ சத்தம் வருது பாருன்னார். அவனும் படுத்துப் பாத்தான். அந்த ஆள் இன்னிக்கும் எழுந்து நடக்கலை. ஜாக்கி நழுவிடுச்சுன்னு போலீஸ்ல எழுதிக்கிட்டாங்க. நான் பக்கத்துலதான் நின்னேன். வாயே திறக்கலை. புருஷனாச்சே." அவள் சர்க்கரையம்மாவின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள். "இப்பவாவது சொல்லுங்க. உங்க வார்த்தை வேண்டாம். அவர் வாயிலேர்ந்து என்ன வந்தது?"

சர்க்கரையம்மா நினைத்துப் பார்த்தாள். 'பட்ட குளிரை நேரில் உணர வேண்டும்.' இல்லை, அது அவள் சொன்னது. அவர் சொன்னது? மறுபடி தேடினாள். உணர வேண்டும், உணர வேண்டும் என்று அதுவேதான் வந்து நின்றது. இத்தனை வருஷத்தில் எத்தனை ஆயிரம் வார்த்தைகளை மாற்றிச் சொல்லியிருப்பாள்! மாற்றிச் சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டு அசலைத் தூக்கிப் போட்டுவிட அவள் மூளையும் பழகியிருந்தது. எழுதி வைத்ததோ கூடையில் சுக்குநூறாகக் கிடந்தது.

அவள் அறைக்குள் ஓடினாள். ஐஸ்காரர் உட்கார்ந்த நாற்காலி கொஞ்சம் கோணலாக அப்படியே கிடந்தது. அதற்கு எதிரே, அப்போது இழுத்துப் போட்ட மாதிரியே தன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கைக்குட்டை. மடித்த கைக்குட்டை. அதை மடித்த ரேகை இல்லாத விரல்கள். உதடு அசைந்தது. என்ன சொன்னது அந்த உதடு?

வந்துவிட்டது. வந்ததும் அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மூடிய அறையின் ரகசியம் செல்லாது, உடனே வெளியே சொல்லிவிட வேண்டும். பயிற்சி வகுப்பில் முதல் நாளே அவள் சொல்லிக்கொடுக்கிற பாடம் அது. ஆனால் இப்போது சொன்னால், கேட்டது எப்போது என்று கேட்பார்கள். கேட்டதும் என்ன செய்தாய் என்பார்கள். சர்க்கரை என்று கும்பிட்டவர்கள் முகத்தில் எப்படி விழிப்பாள்? சொல்லவே வெட்கக்கேடுதான், ஆனாலும் அந்த நேரத்திலும் அவளுக்கு அந்தக் கணக்கு ஓடியது. போலீஸ் நிலையத்துக்குப் போன் போட்டாள்.

"இல்லைங்க, ஒருத்தர்... அவங்க குடும்பத்துல ஒரு சின்ன மனவருத்தம். அவர் கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுப் பேசினார்..."

"சமரசம் ஆயிடுச்சா ஆகலையாம்மா?" என்று அலுத்துக்கொண்டது மறுமுனை.

"ஆயிடுச்சு."

"அப்புறம் என்ன?"

அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சர்க்கரையம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"'உள்ளே நிக்க வச்சுக் கதவைச் சாத்திடறேன், அதுக்கப்புறம் அவனுக்குப் பங்கும் வேண்டியிருக்காது, ஒண்ணும் வேண்டியிருக்காது.' இதான் அவர் சொன்னது. ஐஸ் கம்பெனி. ஆள் உள்ளே இருக்கான். நான்தான் நல்ல வார்த்தை சொல்லி அனுப்பி வச்சேன். உடனே வாங்க!"

அக்கா அழவில்லை. திரும்பிப் படியில் இறங்கி ஓடினாள்.

ஐஸ் கம்பெனி ஊருக்கு வெளியே, லாரிப் பாதையின் ஓரத்தில் இருந்தது. சர்க்கரையம்மாவும் பின்னாலேயே ஓடிப்போய் அதே வாடகை வண்டியில் ஏறிக்கொண்டாள். கேட் திறந்தே கிடந்தது. வேலையாட்களுக்கு மதியமே விடுமுறை கொடுத்தனுப்பியாயிற்று. ஈரத் தரையில் ஆள் நடமாட்டமே இல்லை. கொட்டகைக்குள் மோட்டார் மட்டும் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. கோல்டு ரூமின் கனத்த இரும்புக் கதவில் பூட்டுத் தொங்கியது. அதற்கு முன்னால் முக்காலி போட்டு ஐஸ்காரர் உட்கார்ந்திருந்தார், மழைக்கு ஒதுங்கினவர் மாதிரி.

"வாங்கம்மா. நீயும் வந்துட்டியா?"

அக்கா அவர் சட்டைப் பையில் கைவிட்டாள். அவர் அவள் மணிக்கட்டை வலிக்காத மாதிரி பிடித்து விலக்கினார். அவள் பூட்டைப் பிடித்து இழுத்தாள், தொங்கினாள், பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். பிறகு மூலையில் கிடந்த ஐஸ் உடைக்கும் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு வந்து பூட்டில் போட ஆரம்பித்தாள். அவர் தடுக்கவில்லை. அந்தப் பூட்டு உடையாது என்று அவருக்குத் தெரியும்.

"அம்மா, நீங்க நடுவுல நிக்கறவங்க" என்றார் அவர், அதே குரலில். "எங்களுக்குள்ள நேரடிப் பேச்சு வேண்டாம். நீங்களே கேட்டுச் சொல்லுங்க. இன்னிக்குப் போட்ட பேப்பரைக் கிழிச்சிடறேன்னு சொல்றானா? சொன்னா யோசிக்கறேன்."

சர்க்கரையம்மா கதவிடம் போனாள். இரும்பின் குளிர் கன்னத்தில் சுட்டது. கதவின் ரப்பர் விளிம்பில் வாயை வைத்துக் கத்தினாள். அந்தத் தொண்டையிலிருந்து அப்படியொரு சத்தம் அதுவரை வந்ததில்லை.

"தம்பி! உங்க மாமா உங்களைப் பூட்டி வச்சிருக்கார். பேப்பரைக் கிழிக்கறேன்னு சொன்னா யோசிக்கறாராம். திறப்பார்னு எனக்கு நம்பிக்கை இல்லை. உங்களைக் கொல்லத்தான் கூட்டிட்டு வந்திருக்கார். அதை என்கிட்ட சொன்னார். நான் உங்ககிட்ட மாத்திச் சொல்லிட்டேன். போலீஸ் வருது. உக்காந்துடாதீங்க. தூங்கிடாதீங்க. நடந்துக்கிட்டே இருங்க!"

உள்ளே ஏதோ ஒன்று கதவில் உரசியது. தட்டியதாகவும் இருக்கலாம், சரிந்து விழுந்ததாகவும் இருக்கலாம். அதற்கப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. அக்கா கடப்பாரையை ஓங்கிக்கொண்டே இருந்தாள்.

ஜீப் வந்து நின்றதும் ஐஸ்காரர் எழுந்து, கேட்காமலே சாவியை எடுத்து நீட்டினார். "பங்கைப் பாக்கணும்னு உள்ளே போனான் சார். தானா பூட்டிக்கிற கதவு" என்றார். பூட்டு வெளியே தொங்குகிறதே என்று போலீஸ்காரர் கேட்டார். அவர் சர்க்கரையம்மாவைக் காட்டினார். "அம்மாவைக் கேளுங்க. நான் பட்ட குளிரை அவனும் உணரட்டும்னுதான் சொன்னேன். அதை அவன்கிட்ட சொன்னவங்களே அவங்கதான்."

வெள்ளைப் புகையாகக் குளிர் வெளியே வழிந்தது. வாசலை ஒட்டியே கிடந்தான் பையன். காலையில் போட்டிருந்த மெல்லிய சட்டைதான். புருவமெல்லாம் வெள்ளை பூத்திருந்தது. இரண்டு போலீஸ்காரர்கள் அவனைத் தூக்கி வந்து வெயில் விழுகிற இடத்தில் சாக்குமேல் கிடத்தினார்கள். உயிர் இருந்தது. அக்கா அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, தன் முந்தானையை அவன் மேல் சுற்றினாள். ஒருவர் ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணிக்கொண்டிருந்தார்.

அவன் கண்ணைத் திறந்தான். சர்க்கரையம்மா பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். இந்தப் பிள்ளையின் காலைப் பிடித்துக் கதற வேண்டும் போல் இருந்தது. வாயைத் திறந்தாள்.

"ஒண்ணும் ஆகலை தம்பி. வெளியே வந்துட்டீங்க. எல்லாம் சரியாயிடும்."

அவன் பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன. அவளை ஒரு கணம் பார்த்தான். பிறகு கண்ணை அவளிடமிருந்து எடுத்து மேலே, அக்காவின் முகத்தைத் தேடினான்.

"அக்கா... இவங்க சொல்றது... நிஜமா?"

அக்கா அவன் கைகளைத் தன் கைகளுக்குள் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். விரல்கள் மெழுகு நிறத்தில், விறகுக் குச்சி மாதிரி விறைத்துக் கிடந்தன. அவற்றைப் பார்த்தாள். பார்த்துவிட்டு அவன் காதருகில் குனிந்தாள்.

"இல்லடா" என்றாள். "சரியாகாது. ஆனா நான் இருக்கேன்."

அவன் தலையை அசைத்தான். அவள் கையைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தான். விரல்கள் மடங்கவில்லை.